கடலுக்கடியில் இருநூறு மீட்டர்

அபர்டீன்,
12-5-1997

அன்பு அத்தான்,

உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டு படித்தால் கையிலிருக்கிற ஸ்பானரைக் காலில் போட்டுக்கொள்வீர்கள். இரண்டு வருஷமாக எண்ணெய்க் கம்பெனியில் அடுத்தவர் போட்ட வரைபடங்களைத் திருத்திக்கொண்டிருந்த டார்லினுக்கு இன்று முதல் சொந்தமாக ஒரு குழாய்! காலையில் எங்கள் மேலதிகாரி டக்ளஸ் என்னைக் கூப்பிட்டு, "இது உன் பொறுப்பு" என்று காகிதக்கட்டைக் கையில் வைத்தார். கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு குதித்தேன். வெளியே வந்தால் அந்தப் பக்கத்து மேஜைக்காரி சிரிக்கிறாள்.

கடலுக்கடியில் கிடக்கிற எண்ணெய்க் குழாய் அது. பன்னிரண்டு அங்குலம் விட்டம், பத்தொன்பது கிலோமீட்டர் நீளம். பாளையங்கோட்டையில் ஆரம்பித்தால் நாங்குநேரிக்கு முக்கால் வழி வந்துவிடும். 1975-இல் போட்டது. நான் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை உடைத்துக்கொண்டிருந்த வருஷம். இப்போது கடலுக்குள் இருக்கிற அந்த எண்ணெய்க் கிணறு வற்றிவிட்டது. குழாய்க்கு இனி வேலை இல்லை.

முன்காலம் என்றால் வால்வை மூடிவிட்டு, "கடல் பெரியது, கிடக்கட்டும்" என்று வந்திருப்பார்கள். இப்போது அப்படி வர முடியாது. உள்ளே ஒட்டியிருக்கிற எண்ணெயையும் மெழுகையும் வழித்தெடுக்க வேண்டும். அதற்கு ரப்பரால் ஒரு உருளை செய்து குழாய்க்குள் தள்ளுகிறார்கள். அதற்கு இங்கே பெயர் என்ன தெரியுமா? பன்றி! ஒரு முனையில் பன்றியை விட்டால் அழுக்கையெல்லாம் தள்ளிக்கொண்டு மறுமுனையில் வரும். பிறகு கடல்நீரை விட்டுக் கழுவி, வருகிற தண்ணீரில் எண்ணெய் எவ்வளவு என்று சோதிக்க வேண்டும். அப்புறம்தான் பெரிய கேள்வி. வெளியே இழுத்துப் போடுவதா, மண்ணுக்குள் புதைந்த இடத்திலேயே விடுவதா? இழுத்தால் அடிக்கடல் முழுக்கக் கலங்கும். விட்டால், காலம் முழுக்க அது மண்ணுக்குள்ளேயே இருக்கும் என்று யாராவது பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏனென்றால் இங்கே மீன்பிடிப் படகுகள் வலையை அடிக்கடலில் உரசியபடி இழுத்துப் போகின்றன. குழாய் தலையை நீட்டினால் வலை மாட்டும். வலை மாட்டினால் படகே கவிழும்.

அந்தக் கையெழுத்து நான் போடப்போவது, அத்தான்! ஆகஸ்ட் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. செப்டம்பர் ஆறாம் தேதி விமானம். பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை பத்து மணிக்கு நம் கோயிலில் மணப்பெண்ணாக உங்கள் பக்கத்தில் நிற்பேன். அத்தைக்கு முட்டுவலி எப்படி? தைலம் வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள்,
டார்லின்

---

வண்ணார்பேட்டை,
24-5-1997

குழாய்க்காரி டார்லினுக்கு,

நின்றுகொண்டுதான் படித்தேன். ஸ்பானர் விழவில்லை, பக்கத்தில் இருந்த கிரீஸ் டப்பா விழுந்தது. என் மோட்டார் ரிப்பேர் கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் "எனக்கு நிச்சயம் பண்ணின பொண்ணுக்குக் கடல்ல பத்தொன்பது கிலோமீட்டர் சொத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுத்த கடை போன் பூத் காந்திமதிநாதன் அண்ணாச்சி, "என்னவே, சீதனமா?" என்றார்.

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பன்றி என்று வந்ததும் முகத்தைச் சுளித்தாள். "வத்திப்போன குழாய்க்கு இம்புட்டுப் பாடா? நம்ம ஊர்ல பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பானுவ" என்றாள். ஆனால் சாயங்காலம் கோயில் பெண்கள் சங்கத்தில் அவளே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

நீ செய்வதும் நான் செய்வதும் ஒன்றுதான், கேள். போன வாரம் களக்காட்டிலிருந்து ஆறுமுகத்தாய் என்று ஒரு அம்மா வந்தாள். போர்க்கிணறு வற்றிவிட்டது, உள்ளே இருக்கிற மோட்டாரை எடுத்துத் தரவேண்டும் என்றாள். போய் எடுத்தேன். எடுத்த மோட்டாரை அவள் கையில் கொடுக்கவில்லை. வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். குழிக்கு மூடி போட்டுவிட்டு வந்தால்தான் மோட்டார் என்றேன். அது என் வழக்கம், உனக்குத் தெரியாது. அந்த அம்மா தெருவில் நின்று கத்தினாள். "ஏலே, மோட்டார் என்னுது, குழி என்னுது, நடுவுல ஒனக்கென்னலே நாட்டாமை?" என்றாள். மூன்றாம் நாள் குழிமேல் கல்பலகை போட்டுச் சிமெண்டும் பூசிவிட்டதாகச் சொல்லியனுப்பினாள். நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். போகும்போது ஒரு தார் வாழைக்காய் கொடுத்தாள்.

கல்யாண மண்டபம் சொல்லியாகிவிட்டது. உன் அப்பா அருமைநாயகம் மாமா அழைப்பிதழுக்கு வசனம் தேடுகிறேன் என்று வேதாகமத்தையே முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார். இப்போது லேவியராகமத்தில் இருக்கிறார். கல்யாணத்துக்குள் முடித்துவிடுவாரா என்பது தெரியவில்லை.

ஆசையோடு,
ஜெபசீலன்

---

அபர்டீன்,
29-6-1997

அன்பு அத்தான்,

கடலுக்குப் போய்விட்டு வந்தேன்! பதினோரு நாள். கப்பலில் நாற்பத்திரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. முதல் மூன்று நாள் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. நான்காம் நாளிலிருந்து சமையல்காரரிடம் மிளகாய்ப்பொடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றிலிருந்து நான் கப்பலில் பெரிய ஆள்.

பன்றி வந்த அன்று பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஆறு பன்றிகள் விட்டோம். ஆறும் வந்து சேர்கிறவரை ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. முதல் பன்றி கறுப்பு மெழுகைக் கூடை கூடையாய்த் தள்ளிக்கொண்டு வந்தது. ஆறாவது பன்றி அனேகமாகச் சுத்தம். அழுக்குத் தண்ணீர் முழுவதையும் தொட்டியில் பிடித்துக் கரைக்கு அனுப்பினோம், ஒரு சொட்டு கடலுக்குப் போகவில்லை. கடைசித் தண்ணீரைச் சோதித்த பையன் தாளை என்னிடம் நீட்டியபோது, அளவு நாங்கள் கேட்டதைவிடக் குறைவு. நான் போட்ட கூச்சல் மேல்தளம் வரை கேட்டதாம்.

அடுத்தது குழாய் புதைந்துதான் கிடக்கிறதா என்று பார்ப்பது. கேமராவும் இரும்பை மோப்பம் பிடிக்கிற கருவியும் வைத்த ஒரு வண்டியைக் கயிற்றில் கட்டி அடிக்கடலுக்கு இறக்குவார்கள். அது குழாய்மேலேயே ஊர்ந்துபோகும். மேலே நாங்கள் டி.வி. பார்த்தபடி, மண்ணுக்குள் எத்தனை ஆழம் என்று குறிப்போம். நண்டு வருகிறது, ஏதோ தட்டைமீன் வருகிறது, எனக்குக் கண்ணை எடுக்க மனசில்லை. நடுவில் ஒருநாள் காற்று பலமாகி வண்டியை மேலே தூக்கிவிட்டோம், மறுநாள் திரும்ப இறக்கினோம். மற்றபடி எல்லா இடத்திலும் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் மண்! அருமையாகப் புதைந்து கிடக்கிறது என் குழாய்.

ஆகவே குழாயை அங்கேயே விடலாம் என்று அறிக்கை எழுதுகிறேன். எழுத எழுத எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அங்கே சாரல் ஆரம்பித்துவிட்டதா? ஆற்றில் தண்ணீர் எப்படி? கல்யாணச் சேலை வெள்ளைதான், அதில் அத்தை இஷ்டம்போல் சரிகை போடட்டும். நான் சண்டைக்கு வரவில்லை.

உங்கள்,
டார்லின்

---

வண்ணார்பேட்டை,
20-7-1997

டார்லினுக்கு,

ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வருவதில்லை. எனவே அழைப்பிதழ் கொடுக்க எனக்கு நேரம் கிடைத்தது. முந்நூற்றைம்பது அடித்தோம், முந்நூறு கொடுத்தாகிவிட்டது. களக்காடு ஆறுமுகத்தாய்க்கும் கொடுத்தேன். "மூடி போட்டாத்தான் சோறு போடுவியா?" என்று கேட்டாள்.

அம்மா மட்டும் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். "எய்யா, அவ படிச்ச புள்ள. கடலு, கப்பலுன்னு சுத்துனவ. ஒங்கடையில வந்து ஒக்காந்துருவாளா? அந்த வேலையப் பார்க்க ஆரம்பிச்சா ஒன்ன மறந்துருவா." நான் சிரித்துவிட்டு எழுந்துபோகிறேன். ஆனாலும் ஆறாம் தேதி நீ விமானம் ஏறினாய் என்று காதால் கேட்கிற வரைக்கும் எனக்கும் நிலைகொள்ளாது. உள்ளதைச் சொன்னேன்.

ஜெபசீலன்

---

ஃபேக்ஸ்
அபர்டீன், 25-8-1997

அன்பு அத்தான்,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். கடிதம் போட்டால் பத்து நாள் ஆகும். அதனால் அண்ணாச்சி பூத்துக்கு ஃபேக்ஸ் அனுப்புகிறேன். நேற்று நம் கோயில் ஆராதனையில் நம் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்திருப்பார்கள். அந்தச் சந்தோஷத்தில் இருக்கிற உங்களிடம் இதைச் சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

குழாயை அங்கேயே விடுவதற்கு முன்னால், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மீன்காரர்களைக் கூப்பிட்டு ஆட்சேபணை உண்டா என்று கேட்பது இங்கே சட்டம். வெள்ளிக்கிழமை பீட்டர்ஹெட் என்ற மீன்பிடி ஊரில் கூட்டம். என் படத்தைச் சுவரில் மாட்டிப் பெருமையாகப் பேசினேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பெயர் அலெக், அறுபது வயசிருக்கும், படகு வைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வலை எங்கெங்கே மாட்டுகிறது என்று இந்தக் கரைப் படகுக்காரர் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். "பொண்ணே, உன் படத்தில் பதினொன்றாம் கிலோமீட்டரில் மண் என்று போட்டிருக்கிறாய். என் வலை அங்கேதான் மாட்டிப் போயிற்று" என்றார்.

அலுவலகத்துக்கு ஓடிவந்து வீடியோவையெல்லாம் போட்டுப் பார்த்தேன். காற்றடித்த அன்று வண்டியைத் தூக்கினோமே, மறுநாள் இருநூறு மீட்டர் தள்ளி இறக்கியிருக்கிறார்கள். நடுவில் யாரும் பார்க்கவே இல்லை. என் கைப்படத்தில் அந்த இடத்தை நான் புள்ளிக்கோடாகத்தான் போட்டிருக்கிறேன். அறிக்கைக்காகச் சுத்தமாகத் திரும்ப வரைந்தபோது, இரண்டு பக்கமும் நன்றாகப் புதைந்திருக்கிறதே என்ற நினைப்பில் முழுக்கோடாக இழுத்துவிட்டேன். நான்தான் அத்தான். வேறு யாருமில்லை.

டக்ளஸிடம் சொன்னேன். அடுத்த வருஷம் எப்படியும் பார்வையிடப் போவோம், அப்போது சரிசெய்துகொள்ளலாம் என்றார். அதுவரை அங்கே வலை இழுப்பார்களே என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். கப்பல் செப்டம்பர் ஒன்று முதல் இருபது வரைதான் கிடைக்கிறது. அதற்குமேல் குளிர்காலக் கடல், யாரும் போகமாட்டார்கள். உனக்குக் கல்யாணம், வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார். நான் வேண்டாம், என் ஒப்பந்தத்தை ஒரு மாதம் நீட்டுங்கள் என்றேன். எந்த இடத்தில் நான் கண்ணால் கண்டேன், எந்த இடத்தில் நினைத்து வரைந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வேறு ஆள் போனால் என் கோட்டை நம்பித்தான் தேடுவான்.

பதினெட்டாம் தேதி நான் வர முடியாது. தேதியை மாற்றுங்கள் என்று கேட்கிறேன். மாற்ற முடியாது என்றால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

டார்லின்

---

ஃபேக்ஸ்
வண்ணார்பேட்டை, 26-8-1997

டார்லின்,

முதலில் இதைச் சொல்கிறேன். உன் ஃபேக்ஸைக் காந்திமதிநாதன் அண்ணாச்சி படித்துக்கொண்டே நடந்து வந்தார். என் கடை வாசலுக்கு வருவதற்குள் டீக்கடை, பழக்கடை, பஸ் ஸ்டாப் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது. "மாப்ளே, பாப்பா வரலியாமே. எழுத்து குண்டு குண்டா நல்லாருக்கு வே" என்றார். எனக்குச் செய்தி தெரியும் முன்னால் வண்ணார்பேட்டைக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கோயிலுக்கும் தெரிந்துவிட்டது.

கோபமாகத்தான் இருக்கிறேன். முந்நூறு பேருக்குத் தேதி சொல்லியிருக்கிறேன். அதுகூடப் போகட்டும். வேறு ஆளை அனுப்புகிறேன் என்று அந்த மனுஷன் சொல்லியும் நீ வேண்டாம் என்றிருக்கிறாய். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என்னை நினைத்தாயா?

அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "மூணாம் ஓலையில தடை உண்டான்னு பாதிரி ஐயர் கேப்பாரு. நான் எந்திச்சுச் சொல்லுதேன். இது வேண்டாம்." அவள் சொன்னால் செய்வாள். செப்டம்பர் ஏழு, ஞாயிற்றுக்கிழமை.

நான் என்ன செய்ய, சொல்லு.

ஜெபசீலன்

---

ஃபேக்ஸ்
அபர்டீன், 28-8-1997

அத்தான்,

நினைத்தேன். உங்களை நினைத்துத்தான் சொன்னேன். ஆறுமுகத்தாய் தெருவில் நின்று கத்தியும் குழியை மூடுகிறவரை மோட்டாரைக் கொடுக்காத ஆளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன். என் குழியைத் திறந்துபோட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வெள்ளைச்சேலையோடு எப்படி நிற்பேன்?

அத்தை எழுந்து நின்றால் அது அவர்கள் உரிமை. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு உங்களை வேண்டும். அதையும் அண்ணாச்சி படிக்கட்டும், பஸ் ஸ்டாப்பிலும் படிக்கட்டும், வெட்கமில்லை. திங்கட்கிழமை கப்பல் ஏறுகிறேன். கப்பலில் ஃபேக்ஸ் உண்டு, எண் கீழே எழுதியிருக்கிறேன்.

டார்லின்

---

ஃபேக்ஸ்
கப்பலிலிருந்து, 6-9-1997, காலை

அத்தான்! அத்தான்!

கண்டுபிடித்துவிட்டோம்! நேற்று மத்தியானம். வண்டி பதினொன்றாம் கிலோமீட்டரைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. மண், மண், மண். சட்டென்று மண்ணைக் காணோம். குழாய் அந்தரத்தில் தொங்குகிறது! கீழேயிருந்த மணலையெல்லாம் நீரோட்டம் அரித்துப்போயிருக்கிறது. முப்பத்தெட்டு மீட்டர் நீளம், அடியில் ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். அறை முழுக்க ஆட்கள் டி.வி.யை நெருங்கி வந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் போனால், குழாயைச் சுற்றிப் பச்சையாக ஒரு வலை. வலையில் ஒரு மிதவை. அதில் வெள்ளைப் பெயிண்டில் அலெக்கின் படகுப் பெயர்.

கரைக்கு போன் போட்டு அவரிடம் சொன்னோம். மிதவையிலிருக்கிற பெயரை இரண்டு தடவை படிக்கக் கேட்டார். பிறகு சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் வலை மாட்டிப் படகு பின்பக்கமாக அமிழ ஆரம்பித்ததாம். படகில் ஐந்து பேர். கோடாலியால் கயிற்றை வெட்டிப் பிழைத்தார்களாம். ஐந்தாவது ஆள் அவர் மகன்.

என்ன செய்யப்போகிறோம் என்றால், தொங்குகிற துண்டை வெட்டி மேலே எடுத்துக் கரைக்குக் கொண்டுபோகிறோம். இரண்டு வெட்டு முனையையும் கல்லைக் கொட்டி மூடுகிறோம். கப்பல் அந்த இடத்தில் அசையாமல் நின்றுகொண்டிருக்கிறது, நான் இரவும் பகலுமாகப் படம் போடுகிறேன். கடைசியாக ஒரு பரிசோதனை உண்டு. ஒரு மீன்பிடிப் படகு அந்த இடத்தின்மேல் வலையை இழுத்துப் பார்க்க வேண்டும். மாட்டாமல் போனால்தான் வேலை முடிந்தது. தன் படகில் தானே இழுப்பேன் என்று அலெக் பிடிவாதமாக நிற்கிறார். அது பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு.

அன்று அந்த நேரத்துக்கு நான் எங்கே நிற்க வேண்டியவள் என்று எனக்குத் தெரியும். நாளை மூன்றாம் ஓலை. என்ன நடந்தாலும் எழுதுங்கள்.

டார்லின்

---

ஃபேக்ஸ்
வண்ணார்பேட்டை, 7-9-1997

என் டார்லினுக்கு,

அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை பூத்தைத் திறப்பதில்லை. எனக்காகத் திறந்து, நான் எழுதுவதைத் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும்.

நேற்று உன் ஃபேக்ஸை வாங்கியதும் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்கிறாயா என்று கேட்கவில்லை, வாசித்தேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டாள். வலை என்று வந்ததும் முறம் நின்றது.

"படகுல எத்தன பேரு?"

"அஞ்சு."

"மவனுமா கூட இருந்தான்?"

"ஆமா."

"இவ போவலைன்னா அந்தக் குழா அங்கனயே கெடந்திருக்குமோ?"

"ஆமாம்மா. அடுத்த வருஷம் வரைக்கும்."

மறுபடி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். இன்று காலை எனக்கு முன்னாலேயே கிளம்பிக் கோயிலுக்குப் போய்விட்டாள், அதுவும் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசைக்கு.

கோயிலில் இடமில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். என்ன நடக்கும் என்று பார்க்கத்தான். உன் அப்பா எனக்கு முன்வரிசையில் இருந்தார். ஓலையை எடுத்ததுமே பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். ஐயர் நம் பேரை வாசித்தார். தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்லவேண்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள். இன்று அதுவும் இல்லை.

அம்மா எழுந்தாள்.

நானும் பாதி எழுந்துவிட்டேன் டார்லின். அவள் என்ன சொன்னாலும், எந்தத் தேதியானாலும் நான் கட்டுவேன் என்று அத்தனை பேர் முன்னால் கத்துவதாக இருந்தேன். அவள் திரும்பி, "ஒக்காருல" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஐயரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஐயரவாள், தடை இல்ல. தேதிதான் மாறுது. அக்டோபர் பதினாறு, வியாழக்கிழமை. மாத்துனது நான். பொண்ணும் இல்ல, பொண்ணு வீட்டுக்காரவுகளும் இல்ல. ஏன் மாத்துனன்னு யாருக்காவது கேக்கணும்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும். அந்தப் புள்ளயப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் பேசக்கூடாது."

சொல்லிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். ஐயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார். உன் அப்பா பாடவே இல்லை, கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு இருந்தார்.

வெளியே வந்ததும் நாலைந்து பேர் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொன்னாள். நடுக்கடல், முப்பத்தெட்டு மீட்டர், கோடாலி, ஐந்து பேர். மூன்றாவது முறை சொல்லும்போது அலை மண்டபத்து உயரம் ஆகிவிட்டது. முந்நூறு பேரிடமும் புதுத் தேதி சொல்ல நாளைக்கு நான் புறப்படுகிறேன். களக்காடு, நாங்குநேரி எல்லாம் போய்வர ஒரு வாரம் ஆகும். அம்மாவும் வருகிறேன் என்கிறாள். கதை சொல்ல ஆள் வேண்டுமாம்.

உனக்கு எழுத ஒன்று சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஏட்டி, கல்லு கொட்டுறதெல்லாம் நின்னு பாத்துட்டு வா. அவசரப்பட்டு அரைகுறையா விட்டுட்டு வந்தியோ, மருமவளுன்னும் பாக்க மாட்டேன், வாசப்படி ஏத்த மாட்டேன்."

ஜெபசீலன்